இடது பக்கப் பின்லைற்

எங்கள் காருக்குப் பின்னால் இரண்டு விதமான லைற். வலது பக்கத்தில் இருந்தது காரோடு பிறந்தது, நிமிர்த்தி வைத்த கோழிமுட்டை மாதிரி நீளம். இடது பக்கத்தில் இருந்தது நல்ல வட்டம், ஏதோ ஒரு பழைய லொறியில் கழற்றியது. பார்க்கிறவர்களுக்கு அது பகிடி. "என்ன ரீச்சர், ஒண்டு நீளம் ஒண்டு வட்டம்?" என்று சந்தியில் மறித்துக் கேட்பார்கள். நான் சிரித்துச் சமாளித்துவிடுவேன். அந்தக் கதையைத் தொடங்கினால் என் வாய்த்துடுக்கும் சேர்ந்து வெளியில் வரும் என்பதால் கனகாலம் ஒருவருக்கும் சொல்லவில்லை. இனி ஒளித்து என்ன? இவரே ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்து முடித்துவிட்டார்.

"இவர்" என்றால் என் வீட்டுக்காரர். துறைமுகத்தில் கப்பல்களுக்குப் பெயின்ற் அடிக்கிற வேலை. நான் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தேன். அன்புவழிபுரத்தில் வீடு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் இரண்டு பேருக்கும் சொந்தம்.

துறைமுகத்தில் பெயின்ற் வேலை செய்கிறவர்களின் வீட்டைக் கண்டுபிடிக்க ஆரையும் விசாரிக்கத் தேவையில்லை. வாசல் படலை கப்பல் பெயின்ற்றின் சாம்பல் நிறமாக இருக்கும். கிணற்றுக் கப்பி சாம்பல், தண்ணீர் வாளி சாம்பல், தையல் மெசினின் கால் சாம்பல். எங்கள் ஊரின் உப்புக் காற்றுக்கு இரும்பைக் கண்டால் ஆகாது. ஆணி அடித்து ஆறு மாதத்தில் அது ஆணியா அல்லது மரத்தில் ஒட்டின துருக் கறளா என்று தெரியாது. அந்தக் காற்றோடு வருசக்கணக்காகச் சண்டை பிடித்த மனிசருக்கு ஒரு சட்டம் இருந்தது. இரும்புச் சாமான் எது வீட்டுக்கு வந்தாலும் முதலில் சுரண்ட வேண்டும். பிறகு சிவப்பு அடிப்பூச்சு. அது காய, இரண்டு கைப் பூச்சு சாம்பல். அதுவும் காய்ந்த பிறகுதான் பாவிக்கலாம். புது அரிவாள் ஒன்று வாங்கி வந்து நான்கு நாள் மீன் வெட்ட முடியாமல் இருந்தவள் நான். எங்கள் வளவுக்குள் அசையாமல் நின்றால் எனக்கும் அடித்துவிடுவார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சிரிப்பேன்.

கார் அவருடைய செல்லம். ஐம்பதுகளில் வந்த சின்ன இங்கிலிஸ் கார், மூன்றாம் கையாக எங்களிடம் வந்தது. அதன் நிறத்தையும் நான் சொல்லத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிய அதில் ஏறிக் கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்குப் போய்க் குளிப்போம், அல்லது நிலாவெளிப் பக்கம் போவோம், அல்லது சல்லி என்கிற மீன்பிடி ஊருக்குப் போய்க் கரையில் நின்று மீன் வாங்கிக்கொண்டு வருவோம். வழியெல்லாம் கதைத்துக்கொண்டு போவார். வீட்டில் நாலு வார்த்தை பேசாத மனிசர் ஸ்ரியறிங்கைப் பிடித்தால் நாற்பது வார்த்தை பேசுவார்.

சல்லிக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாம் கெட்டது. தெரிந்த ஒருவருடைய வள்ளத்து நங்கூரம் கறள் பிடித்துக் கிடந்தது. இவருக்குக் கை சும்மா இருக்குமா? சுத்தியலை வாங்கித் தட்டினார். கறள் துண்டொன்று தெறித்து இடது கண்ணுக்குள் போய்விட்டது. கொழும்பு வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தோம். கண் இருந்தது, பார்வை வரவில்லை.

வேலை போகவில்லை. பெயின்ற் சாமான்களை எடுத்துக் கொடுக்கிற அறையில் இருத்தினார்கள். காலையில் வேலைக்காரரை ஏற்றும் லொறி சந்தியில் வந்து ஏற்றும், பின்னேரம் அதே இடத்தில் இறக்கும். அவ்வளவுதான் அவருடைய உலகம். சைக்கிளைக் குசினிச் சுவரில் சாத்தி விட்டார், தொடவில்லை. காரைச் சாக்கால் மூடிவிட்டார். கோயிலுக்கு வாருங்கோ என்றால் "நீர் போட்டு வாரும்" என்பார். கலியாண வீடு, செத்த வீடு எல்லாவற்றுக்கும் அதே பதில். ஞாயிற்றுக்கிழமைகளில் முற்றத்தில் கதிரையைப் போட்டு, சாக்கு மூடின காரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அந்தக் கதிரையைத் தூக்கிக் கிணற்றுக்குள் போடவேண்டும் போல எனக்குக் கோபம் பத்தி வரும்.

அப்படி ஏழெட்டு மாதம் போயிருக்கும். இவருடைய தம்பி வவுனியாவில் இருந்து வந்தார். அங்கே வயல் செய்கிறவர், நல்ல மனிசன். சாப்பிட்டு முடிந்து கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "அண்ணை, கார் சும்மா நிண்டு பழுதாப் போகுது. நான் கொண்டுபோகட்டே? அங்க எனக்கு உதவும்." ஆசைப்பட்டதில் பிழை இல்லை. இவர் யோசிக்கக்கூட இல்லை. "ஓம், கொண்டுபோ" என்றார்.

எனக்கு வாய் முந்தும், யோசனை பிந்தும். "ஏன் கொண்டுபோக வேணும்? நான் ஓடப் பழகுறன்" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். தம்பி சிரிக்கவில்லை, அதற்காக அவரை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். இவர் சாக்கு மூடின காரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சரி. இன்னும் ரெண்டு மாசத்தால தம்பி ஒரு ட்றைவரைக் கூட்டிக்கொண்டு வருவான். அதுக்கிடையில உமக்கு லைசென்ஸ் வந்தா கார் நிக்கும். வராட்டிப் போகும்." நாளும் குறித்தார்கள். ஒரு சனிக்கிழமை.

கார் எனக்காக வேண்டாம், இவருக்காகத்தான் கேட்டேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். ஆனால் முழு உண்மை இல்லை. எனக்கும் ஆசை இருந்தது. ஆனால் கார் வவுனியாவுக்குப் போன பிறகு அந்தக் கதிரை முற்றத்தை விட்டு எழும்பாது என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்தப் பயம்தான் என்னைப் பிடரியில் பிடித்துத் தள்ளினது.

இவர்தான் பழக்கினார். நான் வலது பக்கம், அவர் இடது பக்கம். கிளச், கியர், பிறேக். "மெதுவா, மெதுவா, அது மாவரைக்கிற கல்லில்லை" என்பார். அன்புவழிபுரத்து மணல் ஒழுங்கைகளில் முதலாம் கியரில் ஊர்ந்தோம். ஆடுகள் எங்களை முந்திக்கொண்டு போயின. ஆனாலும் அந்த ஒன்றரை மாதமும் இவர் கதைத்தார், பழைய மாதிரி. நான் பிழை விட விட அவருக்குக் கதை கூடிக்கொண்டு வந்தது. எனக்கு உள்ளுக்குள் நல்ல சந்தோசம்.

லைசென்ஸ் பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது இந்த லைற் உடைந்தது. காரைப் பின்பக்கமாகப் படலைக்குள் விடப் பழகிக்கொண்டிருந்தேன். எனக்குக் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கப் பஞ்சி, வெறும் சோம்பல். வலது பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இடது பக்கத்தை அவருடைய பொறுப்பில் விட்டுவிட்டேன். அவரும் தன் பக்கத்து யன்னலால் தலையை நீட்டி "வாரும், வாரும், இன்னும் வாரும்" என்றார். படலைத் தூணில் போய் 'டங்' என்று விழுந்தது. இறங்கிப் பார்த்தால் இடது பின்லைற் தூள். சிவப்புக் கண்ணாடி மணலில் சிதறிக் கிடந்தது, உள்ளே இருந்த தகரம் நெளிந்து போய் இருந்தது.

நான் ஸ்ரியறிங்கில் அடித்துக்கொண்டு சொன்னேன்: "இடப்பக்கம் பாக்க ஏலாதெண்டா பிறகேன் அங்க இருந்து வா வா எண்டனீங்கள்?"

சொன்ன உடனே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கி என்ன, வாயால் போனது போனதுதான். அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஓம். நீர் சொல்லுறது சரிதான்" என்றார். இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தினார். அடித்துச் சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "இனி நான் இதில ஏறன். வேற ஆரையும் பாரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை. கோபமோ கவலையோ வந்தால் நான் கறிக்கு இரட்டிப்பாய் உறைப்புப் போடுவேன், அவர் எதையாவது சுரண்டிப் பெயின்ற் அடிப்பார். அன்றிரவு கறி வாயில் வைக்க முடியாத உறைப்பு. இருவரும் கண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டோம்.

லைற் இல்லாத காரைப் பரீட்சைக்குக் கொண்டுபோக ஏலாது. பரீட்சை எடுக்கிற இன்ஸ்பெக்டர் முதலில் காரைச் சுற்றிப் பார்ப்பார், ஒரு லைற் எரியாவிட்டாலும் "கொண்டு போ" என்றுவிடுவார். பிறகு அவர் எங்கள் ஊருக்கு வர இன்னும் ஒரு மாதம் ஆகும். எனக்கோ அந்த வியாழக்கிழமை தப்பினால் சனிக்கிழமை தம்பி வந்து நிற்பார். புது லைற் வாங்குவோம் என்றால் அது வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம். எழுபதுகளின் நடுப்பகுதி. சைக்கிள் ரியூப்புக்கே பதிந்துவிட்டுக் காத்திருந்தோம், காருக்கு லைற் எங்கே?

எதிர் வீட்டில் ஒரு பஸ் ட்றைவர் குடியிருந்தார். கிண்ணியா முஸ்லிம் ஆள், அண்ணன் முறையில் நாங்கள் 'நானா' என்று கூப்பிடுவோம். கிண்ணியாத் துறையடிக்குப் போகிற பஸ்தான் அவர் ஓடினது. நான் போய்ச் சொன்னதும், "அந்தப் பக்கம் பழைய லொறி உடைக்கிற ஆள் ஒருத்தர் இருக்கார் ரீச்சர். கேட்டுப் பாக்குறன்" என்றார். மூன்றாம் நாள் பேப்பரில் சுற்றி ஒரு சாமானைக் கொண்டுவந்து தந்தார். அதுதான் இந்த வட்ட லைற். கண்ணாடி முழுசாக இருந்தது, உள்ளே பல்பும் நல்ல பல்ப். "நீளத்துல இல்லியாம். செவப்பா எரிஞ்சாச் செரிதானே" என்றார். என் பக்கத்தில் இருந்து பழக்கவும் ஒத்துக்கொண்டார்.

இவர் அந்த லைற்றைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது போல எனக்குப் பட்டது. என்னோடு கதையில்லை. ஆனால் பின்னேரங்களில் வீட்டுக் கோடிப் பக்கத்தில் இருந்து சுரண்டுகிற சத்தம் கேட்டது. நீள லைற் இருந்த ஓட்டைக்கு வட்ட லைற் பொருந்தாது என்று, தகரத்தில் ஒரு தட்டு வெட்டினார். தட்டைச் சுரண்டி அடிப்பூச்சு அடித்தார். லைற்றின் முதுகைச் சுரண்டி அடிப்பூச்சு அடித்தார். காரில் அது பொருந்துகிற இடத்தையும் விடவில்லை. பிறகு எல்லாவற்றுக்கும் சாம்பல், ஒரு கை, அது காய இன்னொரு கை. நாலு ஸ்குரூவையும் பெயின்ற்றுக்குள் தோய்த்துக் கம்பியில் தொங்கவிட்டார். உள்ளே தண்ணீர் போகாமல் இருக்கச் சைக்கிள் ரியூப்பை வட்டமாக வெட்டி ஒரு வாசரும் செய்தார். ஒரு கண்ணோடு அவ்வளவு நேர்த்தியாக வெட்டினார், என்னால் இரண்டு கண்ணோடும் முடியாது.

இதையெல்லாம் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு பின்னேரம் பெயின்ற் டப்பாவைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றேன். சமாதானத்துக்கு அதுதான் என் வழி. விஞ்ஞான ரீச்சர்! ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரோச் லைற்றைக் கழற்றிக் காட்டிப் படிப்பித்த ரீச்சர் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர, ஒரு நிமிசம் யோசிக்கவில்லை.

"பூட்டி ஒருக்கா எரிச்சுப் பாப்பமே?" என்று புதன்கிழமை பின்னேரம் கேட்டேன்.

"பெயின்ற் காயேல்லை. விடியப் பூட்டுறன்" என்றார். அதற்குமேல் அவரோடு வாதாட ஏலாது. காயாத பெயின்ற்றைத் தொடுவதென்பது அவருக்குச் சாமி படத்தைக் காலால் தொடுவது மாதிரி.

வியாழக்கிழமை விடிய ஐந்தரைக்கே எழும்பிப் பூட்டத் தொடங்கினார். ஒன்பது மணிக்குப் பரீட்சை. நான் குளித்துச் சீலை உடுத்துத் தேத்தண்ணியோடு வந்தபோது லைற் பூட்டி முடிந்திருந்தது. உண்மையைச் சொல்ல வேணும், பார்க்க நல்ல வடிவு. காரோடு வார்த்த மாதிரி இருந்தது.

"போடும்" என்றார்.

போட்டேன். வலது பக்கம் எரிந்தது. இடது பக்கம் எரியவில்லை.

திரும்ப நிற்பாட்டிப் போட்டேன். இல்லை. அவர் லைற்றைக் கையால் தட்டினார், கம்பியை ஆட்டினார். இல்லை. "பல்ப் பழுதாப் போட்டுதோ?" என்றார். கழற்றி வலது பக்கத்தில் போட்டுப் பார்த்தேன், எரிந்தது. பல்பில் பிழை இல்லை. அப்போ கம்பியில் கரண்ட் வரவில்லையோ? பல்பை லைற்றுக்குள் போடாமல் கையிலேயே பிடித்து, அதன் அடியைக் கம்பியிலும் பக்கத்தைப் பம்பரில் பெயின்ற் உரிந்த இடத்திலும் முட்ட வைத்தேன். என் கைக்குள்ளேயே பல்ப் எரிந்தது. பல்பும் நல்லது, கம்பியும் நல்லது, லைற்றுக்குள் போட்டால் மட்டும் எரியாது. தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. மணி ஆறே முக்கால்.

அந்த நேரம்தான் எனக்கு மண்டையில் அடித்த மாதிரி விளங்கியது. நிலத்தில் அப்படியே குந்திவிட்டேன்.

"இஞ்சேருங்கோ" என்றேன். "இந்த லைற்றுக்கு எத்தினை கம்பி போகுது?"

"ஒண்டு."

"கரண்ட் போறதுக்கு ஒண்டு. திரும்பி வாறதுக்கு?"

அவர் அந்த ஒரு கம்பியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"காரின்ர இரும்பாலதான் திரும்பி வரும். லைற்றின்ர முதுகு தட்டில முட்ட வேணும், தட்டு காரில முட்ட வேணும், இரும்போட இரும்பு. நீங்கள் எல்லாத்துக்கும் ரெண்டு கை அடிச்சு, நடுவில ரியூப்பும் வைச்சு, ஸ்குரூவையும் தோய்ச்சுப் போட்டியள். கரண்ட் எங்கால போறது?"

அவர் லைற்றைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். "அப்ப என்ர பெயின்ற்தான்" என்றார்.

அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. படலைத் தூணடியில் "நீர் சொல்லுறது சரிதான்" என்று சொன்ன அதே குரல். நான் குசினிக்குள் ஓடித் தேங்காய் உடைக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு வந்தேன். இரண்டு ஸ்குரூவைக் கழற்றினேன், மற்ற இரண்டும் என் கைக்கு அசையவில்லை. தட்டு கொஞ்சம் விலகியது. கத்தி முனையை உள்ளே விட்டுப் பெயின்ற்றைக் குத்தத் தொடங்கினேன். சாம்பல் பூச்சு பெயர்ந்து சிதறியது. நாலைந்து பின்னேரத்து வேலை. அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை, குனிந்துகொண்டே குத்தினேன்.

"அப்பிடிச் சுரண்டுறேல்லை" என்றார். "தாங்கோ."

"நீர்" என்று கதைக்கிற மனிசர் அன்றைக்குத் "தாங்கோ" என்றார். கத்தியை வாங்கி ஒரு புறத்தில் வைத்துவிட்டு, தன் சாமான் பெட்டியில் இருந்து சின்னச் சுரண்டியையும் அரத்தையும் எடுத்தார். எல்லா ஸ்குரூவையும் கழற்றி லைற்றை வெளியில் எடுத்தார். "எவ்வளவு இடம் காணும்?" என்று கேட்டார்.

"ஒரு ஐஞ்சு சதக் குத்திக் காசு அளவு காணும். ஆனா நாலு இடத்திலையும் வேணும்."

கார் உடம்பில் ஒரு இடம், தட்டின் இரண்டு புறமும், லைற்றின் முதுகு. ஒவ்வொன்றாகச் சுரண்டினார். வருசக்கணக்காகப் பெயின்ற் அடித்தவர், காய்ந்து பளபளவென்று இருக்கிற தன் சொந்தப் பூச்சைத் தானே சுரண்டினது அதுதான் முதல்தரம் என்று பிறகு சொன்னார். வெள்ளை இரும்பு தெரியுமட்டும் சுரண்டி, அரத்தால் தேய்த்து, ஊதினார். ஸ்குரூவின் பூச்சையும் அரத்தால் எடுத்தார். ரியூப் வாசரை எடுத்து வீசவில்லை, ஒரு பக்கத்தை மட்டும் வெட்டிவிட்டு மற்றப் பக்கத்துக்குத் திரும்ப வைத்தார். தண்ணீரை விட மனமில்லை அவருக்கு.

நான் லைற்றைத் தாங்கிப் பிடித்தேன், அவர் ஸ்குரூவை முறுக்கினார். முகத்துக்கு முகம் ஒரு சாண் தூரம். பார்வை போன கண் என் பக்கம் இருந்தது. அதனால்தானோ என்னவோ எனக்கு வாய் வந்தது.

"அண்டைக்கு நான் அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது. எனக்கு அண்டையில இருந்து நித்திரையில்லை."

"முதல்ல லைற்றை ஆடாமப் பிடியும்" என்றார்.

பிடித்தேன். கடைசி ஸ்குரூவை இறுக்கினார். நான் போய்ச் சுவிச்சைப் போட்டேன். இருக்கையில் இருந்து எனக்குப் பின்பக்கம் தெரியாது. அவருடைய முகத்தைத்தான் கண்ணாடிக்குள் பார்த்தேன். அந்த முகம் சிவந்த வெளிச்சத்தில் தெரிந்தது. "எரியுது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நல்லா எரியுது" என்றார். பிறகு சுரண்டின இடத்து விளிம்பெல்லாம் கிறீஸைத் தடவினார், காற்றுப் போகாமல்.

எட்டரைக்கு நானா வந்து இடது பக்கத்தில் ஏறினார். லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். இவர் ஏறவில்லை, நான் கேட்கவும் இல்லை. "லைற்றைப் போட்டபடி போம். வழியில ஆடி நூந்துதோ எண்டு பாக்க வேணும்" என்று மட்டும் சொன்னார். ஆர் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

அநுராதபுரச் சந்தி தாண்டின பிறகுதான் கண்ணாடிக்குள் கண்டேன். கொஞ்சத் தூரம் பின்னால் இவர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். ஒன்பது பத்து மாதமாகச் சுவரில் சாத்திக் கிடந்த சைக்கிள். தலையை இடது பக்கம் சாடையாகத் திருப்பி, வலது கண்ணால் என் பின்லைற்றைப் பார்த்தபடி மிதித்தார். பஸ் ஒன்று முந்திக்கொண்டு போனது, அவர் ஒதுங்கவில்லை. தேத்தண்ணிக் கடை வாசலில் நின்றவர்கள் கைகாட்டினார்கள், அவர் கண்ணை எடுக்கவில்லை. நானும் கண்ணாடிக்குள்ளேயே பார்த்தபடி இருந்தேன். "ரீச்சர், றோட்டப் பாருங்க" என்றார் நானா. நான் மெதுவாக, அவர் விட்டுப்போகாத வேகத்தில், பரீட்சை நடக்கிற கச்சேரிக் கந்தோரடி வரைக்கும் ஓடினேன்.

இன்ஸ்பெக்டர் கட்டையான மனிசர், கையில் மட்டையும் தாளும். ஹோர்னை அடிக்கச் சொன்னார், பிறேக்கை மிதிக்கச் சொன்னார், லைற்றைப் போடச் சொன்னார். காரைச் சுற்றி வந்து பின்னால் நின்றார். நெடுநேரம் நின்றார்.

"இது என்ன வட்டம்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கமுன் மரத்தடியில் சைக்கிளோடு நின்ற இவர் முன்னுக்கு வந்தார். "நான் பூட்டினது சேர். நீளம் கிடைக்கேல்லை."

இன்ஸ்பெக்டர் குனிந்து விரலால் தடவினார். "எரியுது. அது போதும்" என்றார். பிறகு, "நல்ல பெயின்ற்" என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிள் மணியைத் துடைத்தார். அந்த நிமிசம் பரீட்சையில் தவறினாலும் பரவாயில்லை என்றுகூட எனக்குத் தோன்றியது. தோன்றி உடனே போய்விட்டது.

உவர்மலை ஏற்றத்தில் நிற்பாட்டித் திரும்ப எடுக்கச் சொன்னார். கார் ஒரு முழம் பின்னுக்குப் போய், யோசித்து, முன்னுக்குப் போனது. இறங்கிவர நடுறோட்டில் ஒரு மான் நின்றது, எங்கள் ஊரில் மான்கள் மாடு மாதிரி றோட்டில் திரியும். ஹோர்ன் அடித்தும் அசையவில்லை, இன்ஸ்பெக்டர் இறங்கிக் கையால் விரட்டினார். கடைசியாக ஒரு ஒழுங்கைக்குள் பின்பக்கமாக விடச் சொன்னார். நான் கியரைப் போட்டேன். இடது பக்கம் பார்க்க ஆருமில்லை. இன்ஸ்பெக்டர் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, கழுத்தைத் திருப்ப வேண்டியவள் எப்போதும் நான்தான். என்னுடைய பஞ்சியை ஒரு கண் போன மனிசரின் தலையில் கட்டிவிட்டு, அவரையே ஏசினேன். சீலைத் தலைப்பை இடுப்பில் செருகி, உடம்பை முழுக்கத் திருப்பி, இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து விட்டேன். ஒரு வேலிக் கதியாலிலும் முட்டவில்லை.

"போம். சரி" என்று துண்டொன்று எழுதித் தந்தார். லைசென்ஸ் பிறகு வரும், அதுவரைக்கும் அந்தத் துண்டோடு ஓடலாம். இவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வாசித்தார், மடித்துத் தந்தார். "ஏறுங்கோவன்" என்றேன். "சைக்கிள் நிக்குதெல்லே" என்றார். வந்த மாதிரியே பின்னால் மிதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வெள்ளிக்கிழமையும் ஏறவில்லை. நானும் கேட்கவில்லை. கார் நிற்கும் என்பது உறுதியாகிவிட்டது, ஆனால் அவர் ஏறாத காரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

சனிக்கிழமை பத்து மணிபோலத் தம்பி வந்தார், கூட ஒரு ட்றைவர். முற்றத்தில் சாக்கு இல்லாமல் நின்ற காரைப் பார்த்தார், வட்ட லைற்றைப் பார்த்தார். இவர் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டார்கள். கை கழுவின பிறகுதான் இவர் கதைத்தார்.

"கார் நிக்குமடா. உன்ர அண்ணி ஓடுறா."

தம்பியின் முகம் கொஞ்சம் வாடினது, பிறகு சிரித்தார். "அப்ப என்னைப் பஸ் ஸ்ராண்டில கொண்டுபோய் விடச் சொல்லுங்கோ, நம்புறன்" என்றார்.

"விடுவா" என்றார் இவர்.

நான் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வந்து வலது பக்கம் ஏறினேன். ட்றைவர் பின்னால் ஏறினார். தம்பி விருந்தாளி, அதனால் முன்கதவைத் திறந்து என் பக்கத்தில் இருக்கப் போனார். இவர் படியால் இறங்கி வந்து தம்பியின் தோளில் கையை வைத்தார்.

"நீ பின்னால ஏறு. அது என்ர இடம்."